எஸ்கியூலைட்டில் இணையதளம் நடத்துவது: பூட்டு எத்தனை மில்லிநொடி?

நிரலாளர்கள் கூடும் இடங்களில் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு: இணையதளத்துக்குப் பின்னால் எஸ்கியூலைட்டை, அதாவது எல்லாத் தரவையும் ஒரே கோப்பில் வைக்கும் SQLite தரவுத்தளத்தை, வைக்கலாமா, கூடாதா? "அது போன் ஆப்புக்கும் சோதனைக்கும்தான்" என்பது ஒரு கட்சி. "ஒரே சர்வரில் ஓடும் தளத்துக்குப் போஸ்ட்கிரெஸ் போன்ற தனிச் சர்வர் தரவுத்தளம் எதற்கு, ஒரு கோப்பு போதுமே" என்பது இன்னொரு கட்சி. 2024 நவம்பரில் வந்த ரெயில்ஸ் 8 என்ற இணையதளக் கட்டமைப்பு, பின்னணி வேலைகள், கேஷ் எல்லாவற்றையும் எஸ்கியூலைட்டிலேயே வைத்து நிஜத் தளம் நடத்தலாம் என்று சொன்னதிலிருந்து சூடு இன்னும் கூடிவிட்டது.

இரண்டு கட்சியும் கேட்பது, நொடிக்கு எத்தனை கோரிக்கை தாங்கும் என்பதை. அந்தக் கேள்வியால் பெரிய பயனில்லை என்பது என் கருத்து. தரவை எழுதும் ஒவ்வொரு வேலையும், மற்றவர்கள் எழுதாமல் தடுக்கும் பூட்டை எத்தனை மில்லிநொடி பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான தளங்கள் பிழைப்பதும் விழுவதும் அந்த எண்ணால்தான்.

முதலில் படிக்கும் பக்கம். இதில் கவலைப்பட அதிகமில்லை. எஸ்கியூலைட்டின் சொந்தத் தளமே எஸ்கியூலைட்டில்தான் ஓடுகிறது. 2015 நிலவரமாக அவர்களே ஆவணத்தில் எழுதியிருப்பது: நாளுக்கு 4 முதல் 5 லட்சம் கோரிக்கைகள், அதில் 15-20 சதவீதம் தரவுத்தளத்தைத் தொடுபவை, அப்படிப்பட்ட ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 க்வெரிகள் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள்). வேறு 23 மெய்நிகர் சர்வர்களோடு ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்டும் அதன் சுமை பெரும்பாலும் 0.1-க்குக் கீழேதான் இருந்தது. போஸ்ட்கிரெஸில் ஒரு பக்கத்துக்கு 200 க்வெரி என்றால் தலையில் அடித்துக்கொள்வோம். ஒவ்வொரு க்வெரியும் நெட்வொர்க்கில் போய்வர வேண்டும். எஸ்கியூலைட்டோ உங்கள் நிரலுக்குள்ளேயே இருக்கும் ஒரு நூலகம், க்வெரி என்பது வெறும் ஃபங்ஷன் அழைப்பு. ஆகவே சின்னச் சின்ன க்வெரிகள் நிறைய இருப்பது இங்கே குற்றமில்லை.

எழுதும் பக்கம்தான் விஷயம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும். டேபிளுக்குத் தனிப் பூட்டு, பதிவுக்குத் தனிப் பூட்டு என்பதெல்லாம் கிடையாது. முழுத் தரவுத்தளத்துக்கும் ஒரே எழுத்துப் பூட்டு. ஒன்றாக நடக்க வேண்டிய வேலைகளின் தொகுப்பை டிரான்ஸாக்‌ஷன் என்பார்கள், அதை முடித்துப் பதிவதே கமிட். கணக்கு எளிது. ஒரு டிரான்ஸாக்‌ஷன் பூட்டை 1 மில்லிநொடி பிடித்தால் நொடிக்கு ஆயிரம் எழுத்து வேலைகள் வரை போகலாம். 20 மில்லிநொடி பிடித்தால் 50. 200 மில்லிநொடி பிடித்தால் வெறும் 5. ஒரே இயந்திரம், ஒரே டிஸ்க், ஒரே எஸ்கியூலைட். மாறுவது நிரல் எழுதிய விதம் மட்டும்.

அந்த 200 மில்லிநொடி எங்கிருந்து வருகிறது? டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து, ஆர்டரை எழுதிவிட்டு, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே பணம் வாங்கும் சேவையை அழைப்பதிலிருந்து. மின்னஞ்சல் அனுப்புவதிலிருந்து. படத்தைச் சிறிதாக்குவதிலிருந்து. கடவுச்சொல்லை பிகிரிப்ட்டில் போடுவதிலிருந்து. அது வேண்டுமென்றே மெதுவாகச் செய்யப்பட்ட கணக்கு. பைதான் இணையதளக் கட்டமைப்பான ஜாங்கோவில் 'அட்டாமிக் ரிக்வெஸ்ட்ஸ்' என்ற அமைப்பைப் போட்டிருந்தால் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் நிரல் பகுதியான வியூ முழுவதுமே ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் போய்விடும். முதல் எழுத்து நடந்த கணத்திலிருந்து வியூ முடியும்வரை பூட்டு உங்களிடம். போஸ்ட்கிரெஸில் இது பெரிதாகத் தெரியாது, இங்கே தளம் முழுவதும் நிற்கும்.

மாற்றும் முறை: வெளி வேலைகளை டிரான்ஸாக்‌ஷனுக்கு முன்னாலோ பின்னாலோ வையுங்கள். பணம் செலுத்துவது போன்றவற்றுக்கு இரண்டு குட்டி டிரான்ஸாக்‌ஷன்கள் வேண்டும். முதலாவதில் ஆர்டரை 'நிலுவை' என்று எழுதி கமிட் செய்யுங்கள். பிறகு வெளிச்சேவையை அழையுங்கள். பதில் வந்ததும் இரண்டாவதில் நிலையை மாற்றுங்கள். நடுவில் நிரல் செத்துவிட்டால் 'நிலுவை'யில் தங்கியவற்றைத் தேடிப் பார்த்துச் சரிசெய்ய ஒரு சிறு வேலை தனியே ஓட வேண்டும். எந்தத் தரவுத்தளத்திலும் இதுவே சரியான முறை, எஸ்கியூலைட்டில் இதைத் தவிர்க்க வழியே இல்லை.

மொத்தமாகப் பதிவுகளை ஏற்றும்போது சிக்கல் தலைகீழாக வரும். எஸ்கியூலைட்டின் கேள்வி-பதில் பக்கம் சொல்வது: சாதாரண மேசைக் கணினியில் நொடிக்கு 50,000 இன்செர்ட்டுகள் (புதுப் பதிவுகள்) சுலபமாகப் போகும், ஆனால் டிரான்ஸாக்‌ஷன்கள் சில டஜன்தான். அது சுழலும் டிஸ்க்கை வைத்துச் சொன்னது. எஸ்எஸ்டியில் எண் மிகவும் கூடும், காரணம் மட்டும் அதேதான்: ஒவ்வொரு கமிட்டும் டிஸ்க்கில் உண்மையாகவே பதிந்துவிட்டதா என்று காத்திருக்கிறது. எனவே ஒவ்வொரு இன்செர்ட்டையும் தனித்தனியாக கமிட் செய்யாதீர்கள். அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் 5 லட்சம் பதிவுகளை ஒரே டிரான்ஸாக்‌ஷனில் திணித்தாலும் அதுவரை மற்ற எல்லோரும் காத்திருப்பார்கள். 500 முதல் 1,000 பதிவு கொண்ட கட்டுகளாக, நடுவில் சில மில்லிநொடி இடைவெளி விட்டு ஏற்றுவது நல்லது. பழைய லாகுகளை அழிப்பதும் அப்படியே. 'டிலீட்' கட்டளையில் 'லிமிட்' போடும் வசதி வழக்கமான எஸ்கியூலைட்டில் இருக்காது, அதற்குத் தனியாக கம்பைல் செய்ய வேண்டும். முதலில் 1,000 பதிவுகளின் உள் எண்களான 'ரோஐடி'களைத் துணைக்க்வெரியில் எடுத்து அவற்றை மட்டும் அழித்து, தீரும்வரை திரும்பச் செய்யலாம். பெரிய டேபிளில் தேடலை வேகமாக்கும் புது இண்டெக்ஸ் கட்டும்போது அது முடியும்வரை எழுத்து நிற்கும். போஸ்ட்கிரெஸில் எழுத்தை நிறுத்தாமல் கட்ட உள்ள 'கன்கரன்ட்லி' வசதி இங்கே இல்லை. ஆள் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டியதுதான்.

இனி அமைப்புகள். எஸ்கியூலைட்டைப் பற்றிய பாதிக் குறைகள் அதன் டிஃபால்ட் அமைப்புகளைப் பற்றியவை. ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட நூலகம் இது. பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதில் அவரும் குழுவும் காட்டும் பிடிவாதத்தால், பல நல்ல வசதிகள் இன்றும் நாமே இயக்கினால்தான் வேலை செய்யும்.

முதலாவது 'ஜர்னல் மோட்'. அதை 'வால்' (WAL, write-ahead log) என்று மாற்றுங்கள். 2010-இல் 3.7.0 பதிப்பில் வந்தது. பழைய முறையில் எழுதுபவர் கமிட் செய்யும்போது படிப்பவர்கள் வெளியே நிற்க வேண்டும், படிப்பவர்கள் இருக்கும்வரை எழுதுபவரால் கமிட்டை முடிக்க முடியாது. வால் முறையில் புது மாற்றங்கள் தனிக் கோப்பில் சேர்கின்றன. படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் தடுப்பதில்லை. எழுதுபவர் ஒருவர்தான் என்ற விதி மட்டும் மாறாது. இந்த அமைப்பு தரவுத்தளக் கோப்பிலேயே பதிந்துவிடும், ஒருமுறை போட்டால் போதும்.

மற்றவை அப்படியல்ல, இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 'பிஸி டைம்அவுட்', 'ஃபாரின் கீஸ்', 'சிங்க்ரனஸ்' மூன்றும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. டேபிள்களை அமைக்கும் மைக்ரேஷன் கோப்பில் ஒருமுறை எழுதிவைத்துவிட்டு, தளத்தின் இணைப்புகளில் எதுவும் போடாமல் விட்டால் பயனில்லை. இணைப்பு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓடும் இடத்தில் வையுங்கள். ஜாங்கோ 5.1 முதல் இதற்கென 'இனிட் கமாண்ட்' இருக்கிறது.

பிஸி டைம்அவுட்டை 5,000 மில்லிநொடி வையுங்கள். மூல நூலகத்தில் அது 0, அதாவது பூட்டு கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் அந்தக் கணமே 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' பிழை. பைதான் தன் பக்கத்திலிருந்து 5 நொடி வைத்துக்கொடுக்கிறது. காத்திருப்பு முறை வரிசையில் நிற்பது போன்றதல்ல என்பதையும் கவனியுங்கள். 1, 2, 5, 10 மில்லிநொடி என்று தூங்கித் தூங்கி எழுந்து பார்க்கிறது, போகப்போக 100 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் எட்டிப்பார்க்கும். நேற்று வந்தவன் இன்னும் நிற்க, இப்போது வந்தவன் உள்ளே போவது நடக்கும். நெரிசலில் சராசரி நேரம் நன்றாக இருந்தும் ஒருசில கோரிக்கைகள் மட்டும் பல நொடி இழுப்பது இதனால்தான்.

ஃபாரின் கீஸை 'ஆன்' செய்யாவிட்டால், டேபிளில் நீங்கள் எழுதிவைத்த உறவுகள் வெறும் அலங்காரம். பயனரை அழித்தால் அவருடைய ஆர்டர்கள் அநாதையாகக் கிடக்கும்.

டிஸ்க்கில் பதிந்ததா என்று எவ்வளவு கவனமாகக் காத்திருப்பது என்பதைச் சொல்லும் சிங்க்ரனஸை வால் முறையோடு சேர்த்து 'நார்மல்' வைக்கலாம். நிரல் செத்தாலும் எதுவும் போகாது. மின்சாரம் போனாலோ இயங்குதளம் விழுந்தாலோ கடைசியாக கமிட் ஆன சில டிரான்ஸாக்‌ஷன்கள் காணாமல் போகலாம், கோப்பு கெடாது. பணக்கணக்கு வைக்கும் தளம் என்றால் 'ஃபுல்' வைத்துக்கொண்டு அந்த மெதுவைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேஷ் அளவைக் கூட்டுவதில் ஒரு எச்சரிக்கை: அதுவும் இணைப்புக்கு ஒன்று. 64 எம்பி வைத்து 20 இணைப்புகள் திறந்தால் 1.28 ஜிபி வரை நினைவகம் போகும்.

இவ்வளவும் செய்த பிறகும் 'லாக்டு' பிழை வருகிறது, அதுவும் 5 நொடி காத்திருக்காமல் உடனே வருகிறது என்ற புலம்பல் அடிக்கடி கேட்கும். எஸ்கியூலைட் பற்றிய வாதங்களில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட இடம் இதுதான். டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்க 'பிகின்' என்று மட்டும் சொன்னால் எஸ்கியூலைட் எந்தப் பூட்டையும் எடுக்காது. முதலில் ஒரு செலக்ட் (படிக்கும் க்வெரி) ஓடுகிறது என்று வையுங்கள். அந்தக் கணத்துத் தரவின் காட்சி உங்களுக்கு நிலையாகிறது. இடையில் வேறொருவர் எழுதி கமிட் செய்துவிடுகிறார். இப்போது நீங்கள் அப்டேட் செய்யப் போனால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பழைய காட்சி. அதன்மேல் எழுத அனுமதித்தால் அவருடைய மாற்றம் அழியும். எவ்வளவு காத்திருந்தாலும் பழைய காட்சி புதிதாகப் போவதில்லை, ஆகவே டைம்அவுட்டைப் பார்க்காமல் உடனே பிழை வருகிறது. எழுதப்போகும் டிரான்ஸாக்‌ஷனை 'பிகின் இமீடியட்' என்று தொடங்கினால் இது தீரும். எழுத்துப் பூட்டு முதலிலேயே கிடைத்துவிடும், கிடைக்காவிட்டால் டைம்அவுட் முறைப்படி காத்திருக்கும். ரெயில்ஸ் 8 இதையே டிஃபால்ட்டாக ஆக்கிவிட்டது. ஜாங்கோ 5.1-இல் 'டிரான்ஸாக்‌ஷன் மோட்' என்ற அமைப்பில் போடலாம். படிக்க மட்டும் செய்யும் இடங்களில் இமீடியட் வேண்டாம். வீணாக எழுத்துப் பூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

வால் கோப்பு வீங்குவது அடுத்தது. சாதாரணமாக 1,000 பக்கம், அதாவது 4,096 பைட் பக்கமாகச் சுமார் 4 எம்பி சேர்ந்ததும் செக்பாயின்ட் நடந்து, மாற்றங்கள் மூலக் கோப்புக்குப் போகும், வால் கோப்பு முதலிலிருந்து மறுபடி பயன்படும். யாராவது ஒருவர் ஒரு செலக்டைத் திறந்துவைத்து முடிக்காமல் இருந்தால், அவர் பார்க்கும் காட்சியைத் தாண்டி செக்பாயின்ட் போகாது. வால் கோப்பு ஜிபி கணக்கில் வளரும், படிப்பதும் மெதுவாகும். கோப்பின் அளவைக் கண்காணியுங்கள். 100 எம்பி தாண்டினால் முழுதும் படிக்காமல் விட்ட கர்சரையோ, மணிக்கணக்கில் ஓடும் அறிக்கை க்வெரியையோ தேடுங்கள். காரணத்தை நீக்கியபின் 'டிரங்கேட்' வகைச் செக்பாயின்ட் ஓட்டினால் கோப்பு சுருங்கும்.

பேக்கப்பில் செய்யக் கூடாதது ஒன்றே: ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் கோப்பை அப்படியே நகலெடுப்பது. அண்மையில் கமிட் ஆனவை பக்கத்திலிருக்கும் வால் கோப்பில் இருக்கலாம். நகலெடுக்கும்போதே செக்பாயின்ட் நடந்தால் பாதி பழையது, பாதி புதியது என்று ஒரு கோப்பு கிடைக்கும். ஷெல்லில் உள்ள 'பேக்கப்' கட்டளையையோ, 2019 முதல் இருக்கும் 'வேக்யூம் இன்டு'வையோ பயன்படுத்துங்கள். இரண்டாவது கோப்பைச் சுருக்கியும் தருகிறது. தொடர்ச்சியாக வேண்டுமென்றால் பென் ஜான்சன் எழுதிய லைட்ஸ்ட்ரீம் என்ற கருவி, வால் கோப்பில் சேர்பவற்றை எஸ்3 போன்ற மேகச் சேமிப்புக்கு டிஃபால்ட்டாக நொடிக்கொருமுறை அனுப்புகிறது. சர்வர் எரிந்துபோனால் கடைசி நொடி போகும், அதை ஏற்க முடியுமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பேக்கப்பை மீட்கும்போது அந்த இடத்திலிருக்கும் பழைய வால் கோப்பையும் 'எஸ்எச்எம்' கோப்பையும் அழித்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். விட்டால் பழைய மாற்றங்கள் புதுக் கோப்பின்மேல் ஏறி அதைக் கெடுத்துவிடும். வைத்தபின் 'இன்டெக்ரிட்டி செக்' ஓட்டிப் பாருங்கள்.

கோப்பு இருக்கும் இடமும் முக்கியம். என்எஃப்எஸ் போன்ற நெட்வொர்க் டிஸ்க்கில் வைக்காதீர்கள்; வால் முறைக்கு எல்லா இணைப்புகளும் ஒரே இயந்திரத்தின் நினைவகத்தைப் பகிர வேண்டும். டாக்கரில் வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே நிலைக்கும் சேமிப்பு) இல்லாமல் கன்டெய்னருக்குள்ளேயே வைத்தால், அடுத்த டிப்ளாயில் தளம் காலியாக எழுந்து நிற்கும்.

டேபிள் வகைகளில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று 'ஸ்ட்ரிக்ட்'. 2021-இல் 3.37.0 பதிப்பில் வந்தது. அது இல்லாவிட்டால் எண் நெடுவரிசையில் 'abc' போன்ற எழுத்துகளும் அமைதியாக ஏறிக்கொள்ளும். இருந்தாலும் நீளக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் 'செக்' விதி எழுதித்தான் ஆக வேண்டும்.

தமிழ்த் தரவு வைப்பவர்களுக்கு மட்டும் உரிய சிக்கல்கள் சில உண்டு. இந்த வாக்குவாதங்களில் இவற்றை யாரும் எடுப்பதில்லை.

முழு உரைத் தேடலுக்கான எஃப்டிஎஸ்5, டிஃபால்ட்டாக எழுத்து, எண் வகைக் குறிகளை மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் 'எம்சி', 'எம்என்' என்ற வேறு வகைகளில் இருக்கின்றன. எனவே அவை சொல்லைப் பிரிக்கும் இடைவெளியாகிவிடுகின்றன. 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகிறது. 'கல்', 'கலை', 'கலி' மூன்றும் 'கல' என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. 'கால்' என்று தேடினால் 'கோல்', 'கேலி', 'குலை' எல்லாம் வந்து நிற்கும். தேடல் ஏதோ முடிவுகளைத் தருவதால் சோதிப்பவர் கண்ணில் இது எளிதில் படாது. டேபிளை உருவாக்கும்போதே, சொற்களைப் பிரிக்கும் டோக்கனைசரின் 'கேட்டகரீஸ்' பகுதியில் வழக்கமான வகைகளோடு 'எம்சி', 'எம்என்' இரண்டையும் சேர்த்துவிடுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்தால் போதாது. புள்ளியும் ஈகாரக் குறியும் எம்என், ஆகாரமும் இகரமும் எம்சி. ஏற்கெனவே உள்ள டேபிள் என்றால் புதிதாக உருவாக்கி நிரப்ப வேண்டும். வேற்றுமை உருபுகள் ஒட்டிய சொற்களையும் பிடிக்க, தேடும் சொல்லின் இறுதியில் உடுக்குறி (*) போட்டு முன்னொட்டுத் தேடலாக்கலாம். 'வீட்டில்', 'வீட்டுக்கு' இரண்டையும் பிடிக்க 'வீட்ட*' என்று தேடுங்கள். 'ட'வை அடுத்து உயிர்க்குறி வருவதால் முன்னொட்டு 'வீட்ட' சரியாகவே பொருந்தும். ஆனால் 'வீடு' என்று தேடினால் இரண்டுமே கிடைக்காது.

'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, எஸ்கியூலைட்டுக்கு இரண்டு வேறு சொற்கள். அது எதையும் சீராக்காது, ஆகவே உள்ளே போகும் உரையையும் தேடும் சொல்லையும் உங்கள் நிரலிலேயே யூனிகோடின் 'என்எஃப்சி' என்ற சீரான வடிவத்துக்கு மாற்றுங்கள். வரிசைப்படுத்தலிலும் குறியெண் வரிசைதான் வரும்: 'ன' 'ப'வுக்கு முன்னால், 'வ' 'ழ'வுக்குப் பின்னால். அகராதி வரிசை வேண்டுமென்றால் சொந்த கொலேஷன் (வரிசை விதி) பதிவு செய்யலாம், ஆனால் அதை வைத்துக் கட்டிய இண்டெக்ஸைத் தொடும் எந்த இணைப்பிலும் அந்த கொலேஷன் இருக்க வேண்டும். ஷெல்லில் திறந்து க்வெரி போட்டால் பிழை வரும். வரிசைச் சாவியை நிரலில் கணக்கிட்டு ஒரு நெடுவரிசையில் வைத்து அதற்கு இண்டெக்ஸ் போடுவது தொல்லையில்லாதது.

எப்போது போஸ்ட்கிரெஸுக்குப் போவது? இரண்டு இயந்திரங்களிலிருந்து எழுத வேண்டிய நாளில், அல்லது ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தானாக எழ வேண்டும் என்ற நாளில். எழுத்து நெரிசலுக்காக மாறுவதற்கு முன்னால் ஒவ்வொரு டிரான்ஸாக்‌ஷனும் எடுக்கும் நேரத்தை லாகில் எழுதி, 50 மில்லிநொடிக்கு மேல் போனவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் நாலைந்து இடங்களில்தான் எல்லா நேரமும் போயிருக்கும்.

மாறும்போது ஸ்ட்ரிக்ட் டேபிள்கள் கைகொடுக்கும்; வகை பிசகிய பதிவுகள் இருக்காது. 0, 1 என்று வைத்த ஆம்-இல்லை மதிப்புகளையும், உரையாக வைத்த தேதிகளையும் அவற்றுக்குரிய வகைகளுக்கு மாற்றுங்கள். ஐடிகளை அப்படியே ஏற்றிய பிறகு, போஸ்ட்கிரெஸ் பக்கம் அடுத்த ஐடியைத் தரும் ஒவ்வொரு டேபிளின் சீக்வன்ஸையும் இருக்கும் பெரிய ஐடிக்கு நகர்த்துங்கள். அதைச் செய்யாவிட்டால் மாற்றம் முடிந்து தளம் திறந்ததும் வரும் முதல் இன்செர்ட்டே 'டூப்ளிகேட் கீ' என்று நிற்கும்.